ஆட்டம் காணக் கொடுத்த விலை

பெரிய விளையாட்டுப் போட்டி ஒன்று நடைபெறும்போதெல்லாம் நம் செவியில் விழும் கேள்வி ஒன்று உண்டு. இத்தனை ரூபாய் கொடுத்து, இவ்வளவு நெரிசலில் நசுங்கி, இந்த ஆட்டத்தை நேரிற் போய்த்தான் பார்க்க வேண்டுமா என்பதே அக்கேள்வி. வீட்டில் இருந்தபடியே அதனைக் கேட்கவும் காணவும் வசதிகள் பெருகிவிட்ட பின்னர் இக்கேள்வியின் வலிமையும் பெருகிவிட்டது. கேட்பவர் பக்கத்தில் நியாயம் முழுவதும் இருப்பது போலவே தோன்றும். சீட்டு வாங்கியவரோ தக்க விடை சொல்ல அறியாமல் சிரித்து மழுப்புவார். ஆனால் அடுத்த போட்டிக்கும் அவரே முதல் ஆளாக வரிசையில் நிற்பார். அவர் உள்ளத்தில் இருப்பது யாது? இதற்கு விடை காணப் பொருளாதார நூல்களைக் காட்டிலும் ஒரு நகரத்தின் சரித்திரம் நமக்கு மிகுதியும் துணை செய்யும் என்று கருதுகிறோம். அந்நகரம், இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா.

1911ஆம் ஆண்டு ஜூலை மாதம் 29ஆம் தேதி, சனிக்கிழமை. அன்று மாலை கல்கத்தா மைதானத்தில் ஐ. எஃப். ஏ. கேடயத்திற்கான இறுதிக் கால்பந்தாட்டம் நடைபெற இருந்தது. ஒரு பக்கம் ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவைச் சேர்ந்த ஆங்கிலச் சிப்பாய்கள். மறுபக்கம் மோஹன் பகான் கழகத்தைச் சேர்ந்த வங்காளி இளைஞர்கள். 1893இல் தொடங்கிய அக்கேடயப் போட்டியில் அதுவரை இந்தியர் குழு எதுவும் வெற்றி பெற்றதில்லை. மோஹன் பகான் குழுவில் பதினொருவருள் பதின்மர் வெறுங்காலுடன் ஆடியவர்கள். சுதீர் சாட்டர்ஜி ஒருவரே காலணி அணிந்திருந்தார். இவர்கள் முன்னைய சுற்றுக்களில் வரிசையாக வென்று, அரையிறுதியில் மிடில்செக்ஸ் படைப்பிரிவை மறு ஆட்டத்தில் 3-0 என்று தோற்கடித்து இறுதிக்கு வந்தபோது நகரம் நிலைகொள்ளாமற் போயிற்று.

இரயில்வே நிர்வாகம் பர்த்வானிலிருந்து தனி இரயில் விட்டது. ஹூக்ளி நதியில் கூடுதலாக நீராவிப் படகுகள் ஓடின. காலையிலிருந்தே மக்கள் மைதானத்தை நோக்கி நடக்கத் தொடங்கினர். வந்தவர் தொகை எண்பதாயிரம் என்றும் அதற்கு மேல் என்றும் அன்றைய செய்திகள் கூறின. ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் விற்ற சீட்டுகள் கைமாறிக் கைமாறிப் பதினைந்து ரூபாய் வரையில் விலை போயின. பதினைந்து ரூபாய் என்பதை இன்றைய கண்ணால் நாம் பார்க்கலாகாது. அன்று கல்கத்தா அலுவலகங்களில் பேனா பிடித்த கீழ்நிலை எழுத்தர் பலருக்கு மாத ஊதியமே சில பத்து ரூபாய்கள்தாம். வாடகை, அரிசி, ஊருக்கு அனுப்ப வேண்டிய மணியார்டர் ஆகிய யாவும் அதற்குள் அடங்க வேண்டும். அவ்வூதியத்தில் ஒரு பெரும்பகுதியை ஒரு மாலைப் பொழுதுக்காக ஒருவர் கொடுத்தார் என்றால், அவர் அறிவிழந்தார் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அவ்விடை நமக்கு நிறைவு தரவில்லை.

ஏனெனில், அவருள் பெரும்பாலோர் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை! ஆட்டம் நடந்த கல்கத்தா கால்பந்துக் கழகத்தின் திடல் அவ்வளவு பெரிய கூட்டத்தை ஏற்கும் இடம் அன்று. ஐரோப்பியருக்கு ஒதுக்கிய பகுதி போக எஞ்சிய இடத்தில் மக்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். மரங்களின் மேல் ஏறினார்கள். பின்னால் நின்றவர்களுக்கு முன்னே நின்றவர் முதுகும், அதற்கு மேல் வானமும் தவிர வேறொன்றும் தெரிந்திராது. அந்த வானத்தில்தான் செய்தி வந்தது. ஆட்டத்தின் நிலையைத் தூரத்தில் நிற்போருக்கு அறிவிக்கக் காற்றாடிகள் பறக்கவிடப்பட்டன. சிப்பாய்களின் குழு முதலில் ஒரு கோல் போட்டது. பின்னர் மோஹன் பகானின் தலைவர் ஷிப்தாஸ் பாதுரி அதனைச் சமன் செய்தார். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்த வேளையில் அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலைப் போட்டார். இவற்றையெல்லாம் பல்லாயிரவர் கண்ணாற் கண்டது காற்றாடியின் வாயிலாகவே. எனினும் அவர்கள் வீடு திரும்பிய பின் 'நான் கேள்விப்பட்டேன்' என்று சொல்லவில்லை. 'நான் அங்கிருந்தேன்' என்றே சொல்லியிருப்பார்கள்.

இங்கேதான் நம் விடையின் முதல் இழை அகப்படுகிறது. மனிதன் ஆட்டத்தைக் காண்பதற்காக மட்டும் பணம் கொடுப்பதில்லை. ஆட்டம் நடந்தபோது அங்கிருந்தவர்களுள் ஒருவனாக இருப்பதற்காகக் கொடுக்கிறான். கண்டதைப் பிறர் சொல்லக் கேட்கலாம், பத்திரிகையில் படிக்கலாம், படமாகவும் பார்க்கலாம். இருந்ததை அவ்வாறு பின்னர் வாங்க இயலாது. ஆட்டம் தொடங்கு முன் அதற்கு விலை உண்டு. முடிந்த பின் எவ்வளவு கொடுத்தாலும் கிடைக்காது. துணியையும் பாத்திரத்தையும் போல நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட முடியாத பொருள் இது. விலை ஏறுவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

காலமும் அன்று அத்தகையது. 1905இல் கர்ஸான் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிரித்திருந்தார். அதன் பின் எழுந்த சுதேசி இயக்கத்தின் சூடு இன்னும் ஆறவில்லை. வங்காளி உடல் வலிமையற்றவன், எழுத்து வேலைக்கே பொருந்தியவன் என்னும் ஏளனத்தை ஆட்சியாளரின் பேச்சிலும் எழுத்திலும் மக்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டு வந்தவர்கள். பூட்ஸ் அணிந்த சிப்பாயை வெறுங்காலால் எதிர்த்து நிற்கும் காட்சிக்கு அவர்கள் கொடுத்த விலையில் இந்த ஏளனத்திற்கான மறுமொழியும் அடங்கியிருந்தது. வெற்றிக்குப் பின் நடந்த ஊர்வலத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கே களித்தனர் என்று குறிப்புகள் கூறுகின்றன. அதே ஆண்டு டிசம்பரில் டில்லி தர்பாரில் வங்கப் பிரிவினை இரத்துச் செய்யப்பட்டதும், தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றப்படும் என்று அறிவிக்கப்பட்டதும் சரித்திரம். அந்தக் கால்பந்தாட்டத்தினால்தான் இவை நேர்ந்தன என்று ஆர்வ மிகுதியால் கூறுவோர் உளர். அது பொருந்தாது, அரசாங்கங்கள் கோல் எண்ணிக்கையைப் பார்த்து மாகாண எல்லைகளை வரைவதில்லை. ஆயினும் ஜூலை 29ஆம் நாளை மோஹன் பகான் தினமாக அக்கழகத்தார் இன்றளவும் கொண்டாடி வருகின்றனர்.

கல்கத்தா மைதானத்தைப் பற்றி இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் மைதானம் என்றால் ஏதோ ஒரு திறந்த வெளி. கல்கத்தாவில் அது வில்லியம் கோட்டையைச் சூழ்ந்து கிடக்கும் மாபெரும் புல்வெளி, இராணுவத்தின் உடைமை. கோட்டையின் பீரங்கிகளுக்குக் குறுக்கே கட்டடம் எதுவும் நிற்கலாகாது என்ற பழைய எண்ணத்தின் விளைவாக, அங்கே நிலையான கட்டுமானங்களுக்கு இடமில்லாதிருந்தது. எனவே நாட்டின் புகழ்பெற்ற கால்பந்துக் கழகங்கள் 'கூடாரம்' என்றே வழங்கிய எளிய இருப்பிடங்களில் குடியிருந்தன. பார்வையாளருக்கு மரப்பலகைப் படிகளே ஆசனம். பல்லாயிரவர் விரும்பும் ஆட்டத்துக்கு அரங்கம் மிகச் சிறிது. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் கோட்டைப்புறத்து மேட்டில் நின்று பார்த்தார்கள். அதுவும் முடியாதவர்கள், அட்டைக் குழாயில் இரண்டு கண்ணாடித் துண்டுகளைச் சாய்த்துப் பொருத்தி, முன்னே நிற்பவர் தலைக்கு மேலாக உயர்த்திப் பிடித்துப் பார்த்தார்கள். நீர்மூழ்கிக் கப்பலில் மாலுமிகள் பயன்படுத்தும் கருவியின் தத்துவத்தைக் கால்பந்து இரசிகர் தம் தேவைக்கு வளைத்துக்கொண்டது நமக்கு வேடிக்கையாகவும் இருக்கிறது. சற்றே பெருமையாகவும் இருக்கிறது.

இந்த மைதானத்தில் ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு மக்கள் கூட்டம் தன் இடத்தை விலை கொடுத்து வாங்கியிருக்கிறது. 1934இல் முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம் கல்கத்தா லீக் போட்டியை வென்றது. அவ்வெற்றியைப் பெற்ற முதல் இந்தியக் கழகம் அதுவே. 1938 வரையில் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அப்பட்டத்தை அது விட்டுக்கொடுக்கவில்லை. அவ்வாண்டுகளில் முஸ்லிம் தொழிலாளரும் சிறு வியாபாரிகளும் தம் கழகத்தின் ஆட்டங்களுக்குத் திரண்டனர்.

அதற்குப் பின் 1947 வந்தது. கிழக்கு வங்காளம் பாகிஸ்தானின் பகுதியாயிற்று. வீடும் நிலமும் இழந்த இலட்சக்கணக்கானோர் கல்கத்தாவின் இரயில் நிலையங்களிலும் புறநகர்க் குடியிருப்புகளிலும் வந்து இறங்கினர். அவர்களுக்கு அந்நகரில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இருக்கவில்லை. பேச்சின் ஒலியே அவர்களை அயலார் என்று காட்டிக் கொடுத்தது. ஆனால் ஈஸ்ட் பெங்கால் என்று ஒரு கழகம் 1920 முதலே அங்கு இருந்தது. பறிபோன நாட்டின் பெயரைத் தாங்கிய ஒரு குழு, தம்மை விருந்தாளியாகப் பார்க்கும் நகரத்தின் நடுவே, அந்நகரின் செல்லப்பிள்ளையான மோஹன் பகானை எதிர்த்து நிற்கிறது! அகதி முகாமில் அடுத்த வேளை உணவுக்குக் கணக்குப் பார்க்கும் ஓர் இளைஞன் அந்த ஆட்டத்துக்குச் சில அணாக்களை ஏன் செலவிட்டான் என்று அவனைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. இரண்டு மணி நேரம் அவன் அயலானாக இல்லை, அவ்வளவுதான். ஈஸ்ட் பெங்கால் வென்ற நாளில் இலிஷ் மீனுக்கும் மோஹன் பகான் வென்ற நாளில் இறாலுக்கும் சந்தையில் விலை ஏறும் என்பது கல்கத்தாவாசிகள் அனைவரும் அறிந்த செய்தி. நுழைவுச் சீட்டின் விலையோடு மீன் விலையையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் அந்த ஆட்டத்தின் முழுச் செலவும் தெரியவரும்.

விலையைப் பற்றி வணிகக் கண்ணோட்டத்திலும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மைதானத்து மரப்படிகளுக்கு அதிகாரபூர்வமான கட்டணம் நெடுங்காலம் மிகக் குறைவாகவே இருந்து வந்தது. 1970களிலும் ஒரு ரூபாய்க்குள் சீட்டு கிடைத்தது. ஆனால் குறைந்த கட்டணம் என்பதால் செலவு குறைந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. இடம் பத்து, விரும்புவோர் நூறு என்றால், பணமாக வாங்காத விலை வேறு வடிவில் வாங்கப்பட்டே தீரும். விடியுமுன் வந்து வரிசையில் நிற்பதும், வெயிலில் வாடுவதும், குதிரைப் போலீஸாரின் விரட்டலுக்கு ஒதுங்குவதும் அவ்விலையே. நிற்கப் பொழுதில்லாதவர், நின்றவரிடமிருந்து மிகுந்த விலைக்கு வாங்கினார். கள்ளச் சந்தை என்று நாம் வெறுக்கும் அந்த வியாபாரம், உண்மையில் ஒருவருடைய நேரத்தை மற்றொருவருக்கு விற்கும் வியாபாரமாகவே தொடங்கிற்று. பின்னர் வரிசையில் நில்லாமலே கட்டுக்கட்டாகச் சீட்டுகளைக் கைப்பற்றுவோர் அதில் புகுந்தனர். அவர்களுக்காக வாதாட நமக்கு விருப்பமில்லை.

கால்பந்தின் கதை இவ்வாறிருக்க, மைதானத்தின் வடபுறத்தில் ஈடன் தோட்டத்தில் கிரிக்கெட் வேறொரு பாடத்தைக் கற்பித்தது. 1966ஆம் ஆண்டின் கடைசி நாளன்று மேற்கிந்தியத் தீவினருடன் டெஸ்ட் பந்தயம் அங்கே தொடங்கியது. வந்திருந்த குழு சாதாரணக் குழுவன்று. சோபர்ஸ் தலைவர், ஹால், கிரிஃபித் ஆகியோர் வேகப்பந்து வீச்சாளர், கன்ஹாய் மட்டையாளர். இரண்டாம் நாள் 1967 ஜனவரி முதல் தேதி; புத்தாண்டு, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. உள்ள ஆசனங்களுக்கு மிகுதியாகச் சீட்டுகள் விற்கப்பட்டிருந்தன. செல்லுபடியான சீட்டைக் கையில் வைத்திருந்தவர்கள் உட்கார இடமின்றித் தடுப்பைத் தாண்டிப் புல்தரையில் எல்லைக் கோட்டருகே வந்து அமர்ந்தனர். போலீஸார் தடியடி நடத்தினர்; கண்ணீர்ப் புகை வீசினர். கூட்டம் பொங்கியெழுந்தது. மூங்கிலும் துணியும் கொண்டு அமைத்த கூரைகள் தீப்பற்றி எரிந்தன. ஆட்டக்காரர்கள் ஓடித் தப்ப வேண்டியதாயிற்று. அன்று ஒரு பந்துகூட வீசப்படவில்லை. ஆட்டம் பின்னர் தொடர்ந்து, மேற்கிந்தியர் ஒரு இன்னிங்ஸும் 45 ஓட்டங்களும் மிச்சம் வைத்து வென்றனர் என்பது பலருக்கு நினைவிலும் இல்லை. அந்தத் தீ மட்டும் நினைவில் இருக்கிறது.

அன்று கோபங்கொண்டவர்கள் கட்டணம் உயர்வு என்று கோபங்கொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உயர்ந்த கட்டணத்தை அவர்கள் மனமுவந்தே கொடுத்தார்கள். கொடுத்த பின்னும் இடம் இல்லை என்றதே அவர்களைச் சுட்டது. கோயில் திருவிழாவுக்குச் செல்பவர் செலவைக் கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால் சந்நிதியின் கதவைச் சாத்திவிட்டால் பொறுப்பதில்லை. விற்பவருக்குச் சீட்டு ஒரு காகிதம். வாங்கியவருக்கு அது ஒரு வாக்குறுதி.

ஏறத்தாழ மூன்றாண்டுகள் சென்றன. 1969 டிசம்பரில் ஆஸ்திரேலியர் அதே இடத்துக்கு வந்தனர். டில்லியில் இந்தியா வென்று தொடரைச் சமன் செய்திருந்ததால் ஆவல் மேலும் பெருகியிருந்தது. அன்றன்று விற்கப்படும் சீட்டுகளுக்காக இரவு முழுவதும் மக்கள் வெளியே காத்துக் கிடந்தனர். 16ஆம் தேதி காலை அந்த வரிசையில் நெரிசல் ஏற்பட்டு ஆறு பேர் மாண்டனர். உள்ளே அன்றே ஆஸ்திரேலியா பத்து விக்கெட் வித்தியாசத்தில் வென்று ஆட்டம் முடிந்தது. மாண்டவர்கள் அதனைப் பார்க்கவில்லை.

இவ்விடத்தில் நம் வானொலியையும் இழுத்துப் பேசாமல் விட முடியாது. கல்கத்தா வானொலி நிலையம் 1958இல் கார்ஸ்டின் பிளேஸ் என்னும் பழைய இடத்தை விட்டு ஈடன் தோட்டத்துக்கு அருகே புதிய ஆகாசவாணி பவனத்துக்குக் குடிபெயர்ந்தது. அரங்கில் எழும் ஆரவாரம் காற்று வாக்கில் எட்டக்கூடிய தொலைவு. வங்காளி மொழியில் அஜய் பாசுவும் கமல் பட்டாச்சார்யாவும் செய்த நேர்முக வர்ணனையைக் கேட்கக் கடைவாசல்களில் கூட்டம் கூடும். டிராம் வண்டியை விட்டு இறங்கி நின்று கேட்போரும் உண்டு. இவ்வளவு நன்றாக ஆட்டத்தைச் செவிக்குள் கொண்டு வந்து சேர்த்தால், அரங்கிற்குச் செல்வோர் குறைவர் என்றே எவரும் எண்ணுவர். நடந்ததோ வேறு. வர்ணனை கேட்ட வீடுகளில் ஆசையே வளர்ந்தது. டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டி வந்த பின்னர், மிகுந்த விலை கொடுத்து அரங்கினுள் சென்று அமர்ந்தவர்களே அதனைக் காதோடு அணைத்துக்கொண்டு, தம் கண்முன் நடக்கும் ஆட்டத்தைப் பற்றிய வர்ணனையைக் கேட்டார்கள்! ஆட்டத்தை அறிவது ஒன்று, அங்கிருப்பது மற்றொன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நமக்குக் கிடைக்கவில்லை. பின்னர் வந்த தொலைக்காட்சியும் இதனை மாற்றவில்லை.

1984இல் உப்பேரிப் பகுதியில், சால்ட் லேக் என்று வழங்கும் இடத்தில், பெரிய அரங்கம் திறக்கப்பட்டது. மைதானத்தின் மரப்படிகளில் இடமின்றி நின்ற தலைமுறைக்கு அது பெரும் பேறாக இருந்தது. 1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் ஈஸ்ட் பெங்காலும் மோஹன் பகானும் மோதியபோது அங்கே 1,31,781 பேர் இருந்தனர் என்பது பதிவான கணக்கு. பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. அன்று பார்க்க இடமில்லாதார் மிகச் சிலரே. இடம் பெருகினால் கொள்ளை விலை தணியும் என்பதை இது காட்டுகிறது.

அதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. 2011 ஏப்ரல் 2 அன்று பம்பாயில், அதாவது மும்பையில், வாங்கடே அரங்கில் உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதி ஆட்டம் நடந்தது. ஏறத்தாழ முப்பத்து மூவாயிரம் பேர் அமரக்கூடிய அவ்வரங்கில் பொதுமக்களுக்கு நேர் விற்பனைக்கு வந்த சீட்டுகள் சுமார் நான்காயிரமே. ஏனையவை கழகங்களுக்கும் அமைப்புகளுக்கும் போயின. இத்தகைய ஆட்டங்களுக்குக் கள்ளச் சந்தையில் விலை பன்மடங்கு ஏறுவதற்கு மக்களின் பேராசையைக் காரணம் காட்டுவது நேர்மையாகாது. 2025 டிசம்பர் 13 அன்று சால்ட் லேக் அரங்கிற்கு அர்ஜென்டினாவின் மெஸ்ஸி வந்தார். ஆட்டம் ஒன்றுமில்லை, அவரைக் காண்பதற்கே மக்கள் ஆயிரக்கணக்கான ரூபாய் கொடுத்து வந்திருந்தனர். பிரமுகர்களும் அதிகாரிகளும் அவரைச் சூழ்ந்து நின்றமையால் படிகளில் இருந்தவர்களால் அவரைச் சரிவரக் காண முடியவில்லை. சிறிது நேரத்தில் அவரும் புறப்பட்டுப் போய்விட்டார். நாற்காலிகள் பெயர்க்கப்பட்டன, புட்டிகள் பறந்தன. பொருளைச் சேதப்படுத்தியதை நாம் ஏற்கவில்லை. ஆனால் 1967ஆம் ஆண்டுப் புத்தாண்டு தினத்தில் கேட்ட அதே குரல்தான் அங்கும் கேட்டது.

1980ஆம் ஆண்டைப் பற்றி இறுதியில் சொல்ல வைத்திருந்தோம். அவ்வாண்டு ஆகஸ்டு 16 அன்று ஈடன் தோட்டத்தில் மோஹன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஆடிக்கொண்டிருந்தன. களத்தில் ஆட்டக்காரரிடையே ஏற்பட்ட மோதல் படிகளில் இருந்தவர்களிடம் பரவிற்று. இரு தரப்பு ஆதரவாளரும் கலந்து அமர்ந்திருந்த பகுதிகளில் அடிதடி மூண்டது. நெரிசலில் மக்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தனர். பதினாறு பேர் இறந்தனர். சனிக்கிழமை மாலை, குறைந்த விலைச் சீட்டு, பையில் திரும்பிச் செல்லக் கொஞ்சம் சில்லறை: இவ்வளவோடு வீட்டை விட்டுப் புறப்பட்டவர்கள் அவர்கள். அவர்களுடைய நினைவாக ஒவ்வோராண்டும் ஆகஸ்டு 16ஆம் நாளைக் கால்பந்து அன்பர் தினமாகக் கொண்டு கொல்கத்தாவில் இரத்ததான முகாம் நடைபெறுகிறது. 1980இல் பிறந்திராத இளைஞர்களும் அங்கு வருகிறார்கள். சிவப்பும் பொன்னிறமும் அணிந்தவர்களும், பச்சையும் அரக்கும் அணிந்தவர்களும் அன்று ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.